ஐயாயிரம் அடிக் கோடு: மலையகத்தில் விஞ்ஞான ஆய்வும் சுற்றாடற் கொள்கையும்

1

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தீண்டாது விட்டுவிடல் வேண்டும் என்று 1873ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசுக்கு அறிவுரை கூறப்பட்டது. கூறியவர் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரும் அக்காலத் தாவரவியலாளருள் முதன்மையானவருமாகிய யோசப் டால்ரன் ஹூக்கர். அவ்வறிவுரைக்கு அமைய நிருவாகக் கட்டளையொன்றும் பிறப்பிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஹோட்டன் சமவெளிக் காடுகள் இன்றுவரை எஞ்சியிருப்பதற்கு அக்கட்டளை தலையாய காரணங்களுள் ஒன்றாகும். அச்சமவெளி 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது; 2010இல் மலைநாட்டின் வேறு காப்புக் காடுகளுடன் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

விஞ்ஞானம் உண்மையைக் கண்டறிந்து கூறும், அரசு அதனைக் கேட்டு ஒழுகும் என்ற கருத்துக்கு இந்நிகழ்ச்சி சிறந்த எடுத்துக்காட்டாகத் தோன்றுதல் கூடும். றிச்சாட் குறோவ் 1995இல் வெளியிட்ட நூலிலே, ஐரோப்பியப் பேரரசுகளின் குடியேற்ற நாடுகளிற் பணியாற்றிய தாவரவியலாளரும் மருத்துவருமே நவீன சுற்றாடற் சிந்தனையின் முன்னோடிகள் என்று மொரீசியசு, சென் ஹெலனா, இந்தியா ஆகிய இடங்களின் சான்றுகளைக் கொண்டு விரிவாக வாதிட்டுள்ளார். இதற்கு மறுதலையாக, பேரரசின் விஞ்ஞானம் பேரரசின் கைக்கருவியேயன்றி வேறன்று என்று ஒரே வீச்சிற் கூறிவிடும் போக்கும் நம்மிடையே உண்டு. முன்னையது விஞ்ஞானியின் நல்லெண்ணத்தையும் பின்னையது அவனது சம்பளச் சீட்டையும் பார்க்கின்றது. ஒரே அரசு, ஒரே காலப்பகுதியில், ஓர் ஆய்வுக்குச் செவிசாய்த்து இன்னொன்றுக்கு முகந்திருப்பியது ஏன் என்ற வினாவுக்கு இவ்விரண்டிலும் விடையில்லை.

இக்கட்டுரை அவ்வினாவையே எடுத்துக்கொள்கின்றது. 1869இற்கும் 1885இற்கும் இடைப்பட்ட காலத்திலே இலங்கையின் காடு, பயிர், மண் ஆகியவை பற்றி மூன்று ஆய்வுகள் அரசின் முன் வைக்கப்பட்டன. முதலாவது மலைக்காடு பற்றியது. இரண்டாவது கோப்பிச் செடியின் இலைநோய் பற்றியது. மூன்றாவது சேனைப் பயிர்ச்செய்கையும் காட்டு நிருவாகமும் பற்றியது. ஒவ்வொன்றும் எத்தகைய ஆதாரத்தின் மீது நின்றது, அதனை ஏற்பதால் இழப்பு யாருக்கு, இறுதியில் அது கொள்கையாக மாறியதா என்னும் மூன்று கேள்விகளை இவற்றிடம் கேட்போம்.

2

பின்னணியைச் சுருக்கமாகக் கூறுதல் அவசியம். கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியரின் கைப்பட்டது. 1820களிலே கம்பளையை அடுத்தும் கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. பிந்திய இடத்திற் பயிரிட்டவர் தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் என்பது, ஆட்சியாளரும் தோட்டக்காரரும் தொடக்கத்திலே ஒருவராகவே இருந்தனர் என்பதைக் காட்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியவை எனக் கொண்டது. அந்நிலம் முதலில் ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் விற்கப்பட்டது. 1878 அளவிலே கோப்பி பயிரிடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கராயிற்று.

பயிரிடும் முறையும் கவனிக்கத்தக்கது. மலைச்சரிவின் காட்டை வெட்டி வீழ்த்தி, காய்ந்தபின் தீயிட்டு, சாம்பல் படிந்த மண்ணிற் கன்றுகளை நிரைநிரையாக நட்டனர். பின்னர் ஒரு புல்லும் இல்லாதவாறு களை பிடுங்கப்பட்டது. பெருமழை வெற்று மண்ணின் மீது நேராக விழுந்தது. இவ்வேலையைச் செய்தவர்கள் தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ்க் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்த தொழிலாளர்கள். வழியிற் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இறந்தோர் பலர்.

1869ஆம் ஆண்டிலே ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. மலையகத்திலிருந்து அச்சேறிய முதல் தமிழ்ச் செய்யுள் நூல்களுள் ஒன்றாகிய இது, கோப்பித் தோட்டத்தின் வேலை முறைகளைத் தோட்ட நிருவாகத்தின் நோக்குநிலையில் நின்று கும்மியாகப் பாடுவது. கோப்பி என்றும் நிலைக்கும் என்ற நம்பிக்கை தோட்டத்துரைக்கு மாத்திரமன்றி, அவனை அடுத்து நின்ற எழுத்தறிந்த தமிழருக்கும் இருந்தது என்பதை இந்நூலின் தோற்றமே உணர்த்தும். கோப்பியின் அழிவும் அதே ஆண்டிலேயே தொடங்கிற்று.

3

முதலில் மலைக்காட்டை எடுத்துக்கொள்வோம். காட்டை அழித்தால் மழை குன்றும், ஊற்றுக்கள் வற்றும் என்ற கோட்பாடு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஐரோப்பிய அறிவுலகில் நிலவி வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மொரீசியசிலே 1769இல் இதனடிப்படையிற் காட்டுப் பாதுகாப்பு விதிகள் இயற்றப்பட்டன. 1800இல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரியைப் பார்வையிட்ட ஹம்போல்ற், அதன் நீர்மட்டம் தாழ்ந்தமைக்குச் சூழவிருந்த காடுகளின் அழிவைக் காரணமாகக் காட்டினார். 1851இல் ஹியூ கிளெக்ஹோர்ன் முதலானோர் வெப்ப வலயக் காடுகளின் அழிவு பற்றிய அறிக்கையொன்றைப் பிரித்தானிய விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் முன் வைத்தனர். 1856இல் அவரே சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக நியமனம் பெற்றார். ஹூக்கரின் அறிவுரை இம்மரபின் வழிவந்ததாகும்.

இக்கோட்பாட்டின் ஆதாரம் எத்தகையது? ஓர் ஏரியின் கரை பின்வாங்கியது, ஒரு தீவின் ஓடை வற்றியது என்ற அவதானங்களே அன்று கையிலிருந்தன. நீண்டகால மழைப் பதிவுகளும் காடுள்ள நீரேந்து பரப்பையும் காடற்றதையும் ஒப்பிட்டு அளந்த பரிசோதனைகளும் பின்னரே வந்தன. காடு மண்ணைப் பிணித்து நிறுத்துகின்றது, வெள்ளத்தைத் தணிக்கின்றது என்பவை இன்று உறுதியாக நிறுவப்பட்டுள்ளன. முகில் தவழும் உயர்மலைக் காடுகள் மூடுபனியிலிருந்தே நீரைப் பற்றி நிலத்திற்கு அளிக்கின்றன என்பதும் அவ்வாறே. ஆயின், காடே மழையைத் தருகின்றது என்ற அளவிற் கூறப்பட்ட பழைய கூற்று, இடத்துக்கும் பரப்பளவுக்கும் ஏற்ப இன்றும் வாதத்திற்குரியதாகவே உள்ளது. ஆகவே 1873ஆம் ஆண்டுக் கட்டளை, முடிவிற் சரியானதாயினும், முழுமையாக நிறுவப்படாத ஒரு கோட்பாட்டின் மீதே பிறந்தது எனலாம்.

அப்படியிருந்தும் அது ஏற்கப்பட்டது. கோப்பி செழித்தது பெரும்பாலும் ஐயாயிரம் அடிக்குக் கீழேயே. ஆகவே கோடு இடப்பட்ட இடம், தோட்டச் செய்கையின் இலாபகரமான மேலெல்லைக்கு மிக அண்மையில் அமைந்தது. அக்கோட்டுக்கு மேலிருந்த காடு, கீழிருந்த தோட்டங்களுக்கு ஈரத்தையும் நீரையும் காக்கும் அரணாகக் கருதப்பட்டது. முடிக்குரிய நிலத்தின் விற்பனை அரசின் வருமான மார்க்கங்களுள் ஒன்றாகையால் கட்டளையால் அரசுக்குச் சிறிது இழப்பு இருந்தது. மேலே ஏற விரும்பிய தனித்தனித் தோட்டக்காரருக்கும் தடை ஏற்பட்டது. இதனை நாம் மறைத்தல் ஆகாது. தனி முதலாளியின் உடனடி நலனுக்கும் முதலாளி வர்க்கத்தின் நீண்டகாலப் பொதுநலனுக்கும் இடையே முரண்பாடு எழும்போது, அரசு பின்னதன் சார்பில் முன்னதைக் கட்டுப்படுத்தும் என்ற மார்க்சிய அரசுக் கோட்பாட்டுக்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

4

இரண்டாவதாகக் கோப்பியின் இலைநோயைக் கருதுவோம். 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு இயலில் வல்லவராகிய மைல்ஸ் பேர்க்லி அவற்றைச் சோதித்து, இது புதியதொரு பங்கசு எனக் கண்டு, பேரழிவு செய்வது என்னும் பொருள்பட ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டு அதே ஆண்டில் வெளியிட்டார்.

பெயர் கிடைத்தபின்னரும் பத்தாண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே போயிற்று. விலையுயர்வு விளைச்சலின் வீழ்ச்சியை மறைத்தது. நோய் பரவிய நிலத்திலே விழுந்த இலாபத்தைப் புதிய நிலத்திலே தேடினர். இன்னும் காடு வெட்டப்பட்டது. இன்னும் கோப்பி நடப்பட்டது. 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் மலிந்த உழைப்பைக் கரைசேர்த்தது. நோயும் விரிவாக்கமும் கைகோத்து நடந்த காலம் அது.

விளைச்சல் வீழ்ச்சியை இனியும் மறைத்தல் இயலாது என்ற நிலையில், 1880இன் தொடக்கத்திலே மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து அரசினால் வரவழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இரண்டாண்டளவு இங்கு பணிபுரிந்து அறிக்கைகளை அரசுக்குக் கையளித்தார். அவரது ஆய்வு தாவர நோயியல் வரலாற்றிலே இன்றும் போற்றப்படுவது. கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றிலே மிதந்து வரும் வித்திகளைப் பிடித்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் அவ்வித்திகள் நீர்த்துளியில் முளைப்பதையும், முளைக்குழாய் இலைவாயின் ஊடாக இலையினுட் புகுவதையும், உள்ளே பரவிப் புதிய வித்திகளைத் தோற்றுவிப்பதையும் படிப்படியாக நிறுவினார். மண்ணின் சோர்வோ எருவின் குறைவோ நோயின் மூலகாரணம் அன்று என்பதும் இதனால் தெளிவாயிற்று.

இதிலிருந்து எழுந்த முடிவு கசப்பானது. மலைக்கு மலை, பள்ளத்துக்குப் பள்ளம், இடையே ஒரு காட்டுத் துண்டும் இன்றி ஒரே பயிர் பரந்து கிடந்தமையால், காற்று வித்திகளைத் தடையின்றிக் கொண்டுசென்றது. விழுந்த இடமெல்லாம் உணவு காத்திருந்தது. நோய்க்கு வழிசமைத்தது தனிப்பயிர்ச் செய்கை முறையே. தோட்டத்துரைமார் எதிர்பார்த்திருந்ததோ ஒரு மருந்து. சுண்ணாம்பும் கந்தகமும் தூவிப் பார்க்கும் பரிசோதனைகள் வோர்ட்டுக்கு முன்னரே நடந்திருந்தன. மருந்தைக் கொண்டுவராது நோயின் வரலாற்றைக் கொண்டுவந்த விஞ்ஞானி அவர்களுக்கு ஏமாற்றமாகவே இருந்தார். வோர்ட் நாடு திரும்பினார். அவருடைய அறிக்கை அரசின் ஆவணங்களுள் அடங்கிற்று.

இலட்சக்கணக்கான ஏக்கரை ஊடறுத்துக் காட்டு வரம்புகளை அமைப்பதோ, கலப்புப் பயிர்களை நாட்டுவதோ, தோட்டங்களின் பரப்பை வரையறுப்பதோ எவராலும் கொள்கையாக எண்ணப்படவில்லை. தனியார் மூலதனத்தின் உடைமையினுள் அரசு புகுந்து, இன்னது இவ்வாறு பயிரிடுக என்று கூறுவதை அவ்வறிக்கை தருக்க ரீதியாக வேண்டிநின்றது. அதைச் செய்ய அவ்வரசால் இயலாது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியன்றல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன; தொழிலாளரின் கூலி நிலுவையாகி, பலருக்கு அது கிடைக்காமலே போயிற்று. எஞ்சிய மூலதனம் முதலிற் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறியது. நூற்றாண்டின் இறுதிக்குள் தேயிலையின் பரப்பு கோப்பி எட்டிய உச்சத்தையும் தாண்டிற்று. பயிரின் பெயர் மாறியதேயன்றிப் பயிரிடும் முறை மாறவில்லை. வோர்ட் கண்ட உண்மை அப்படியே விடப்பட்டது.

5

மூன்றாவது, 1882ஆம் ஆண்டின் வின்சென்ற் அறிக்கை. இந்தியக் காட்டுச் சேவையைச் சேர்ந்த வின்சென்ற், இலங்கையின் காட்டு நிருவாகத்தைப் பரிசீலித்து அறிக்கை சமர்ப்பித்தார். நிருவாகத்தின் ஒழுங்கின்மையையும் மரம் வெட்டும் அனுமதிகளின் சீர்கேட்டையும் அவர் கண்டித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் காட்டழிவின் பெரும்பழி அதிற் சேனைப் பயிர்ச்செய்கையின் மீதே வந்து வீழ்ந்தது. 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் இதனைத் தொடர்ந்து பிறந்தது. ஒதுக்கக் காடுகள் வரையறுக்கப்பட்டன. கிராமக் காடுகளுக்கு அச்சட்டத்தில் இடம் இருந்ததாயினும், சேனை வெட்டுவது அரசின் அனுமதிக்குக் கட்டுப்பட்டதாயிற்று. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் அந்நெருக்கத்தை மேலும் இறுக்கியது.

சேனை என்பது வரண்ட வலயக் குடியானவன் சிறு காட்டுத் துண்டொன்றை வெட்டி எரித்து, குரக்கன் போன்ற தானியங்களை ஓரிரு போகம் விதைத்து, பின்னர் காடு மீள வளருமாறு பல ஆண்டுகள் விட்டுவிடும் முறை. குளத்து நீர் பொய்த்த ஆண்டிலே அவனது உயிரைக் காத்தது அதுவே. மக்கள்தொகை பெருகித் தரிசுக் காலம் குறுகும்போது இம்முறை மண்ணைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது எந்த அளவில், எந்த நிலத்தில், எத்தனை ஆண்டுச் சுழற்சியிற் கெடுக்கின்றது என்பதை அளந்து கூறும் பரிசோதனை 1882இல் எதுவும் இல்லை. அறிக்கைக்கு ஆதாரம் அதிகாரியின் பார்வையும் வருவாய்க் கணக்குமே. அதேவேளை, அரை நூற்றாண்டிற்குள் மலைநாட்டின் இலட்சக்கணக்கான ஏக்கர் காட்டை எரித்து, மீண்டும் வளர இடங்கொடாது வைத்திருந்த தோட்ட முறை 'அபிவிருத்தி' என்றும், எரித்துவிட்டு மீள வளர விட்ட குடியானவன் முறை 'அழிவு' என்றும் பெயர்பெற்றன. இப்பெயரீடு கருத்துநிலை சார்ந்தது. எந்த ஆய்வுகூடத்திலும் அது தீர்மானிக்கப்பட்டதன்று.

6

மூன்றையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் ஐயமற நிறுவப்பட்ட இலைநோய் ஆய்வு கொள்கையாக மாறவில்லை. பாதி நிறுவப்பட்டிருந்த மலைக்காட்டுக் கோட்பாடு நிருவாகக் கட்டளையாயிற்று. பரிசோதனையே நடத்தப்படாத சேனை பற்றிய முடிவு முழுச் சட்டமாயிற்று. நிறுவலின் வலிமை குறையக் குறையச் சட்டத்தின் வலிமை கூடியது. மூன்றே நிகழ்ச்சிகளிலிருந்து ஒரு பொதுவிதியை வகுத்துவிட நாம் விரும்பவில்லை. ஆயின், கொள்கை வகுப்போரின் செவியைத் திறப்பது சான்றின் வலிமை மாத்திரமே என்ற எண்ணத்தை மறுக்க இம்மூன்றும் போதுமானவை. வோர்ட்டின் முடிவை ஏற்றிருந்தால் இழப்பு தோட்ட மூலதனத்துக்கு. ஹூக்கரின் அறிவுரையால் இழப்பு சிறிது, அதுவும் சிலருக்கு. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பு முழுவதும் பேசுவதற்கு வாயற்றிருந்த குடியானவனுக்கு.

இங்கே இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, துவைற்ஸ், ஹூக்கர், வோர்ட் ஆகியோர் தோட்டத்துரைமாரின் ஏவலாளராக இயங்கினர் என்று கொள்வது வரலாற்றுக்கு முரணானது. அரசின் சம்பளத்தைப் பெற்ற வோர்ட்டே அரசுக்கு உவப்பற்ற உண்மையை எழுதிவைத்தார். விஞ்ஞான ஆய்வு சமூகத்தின் பொருளாதார அடித்தளத்தினால் நிபந்தனைப்படுத்தப்பட்டதாயினும் தனக்கென ஒரு சுயாதீனத்தையும் உள்ளியக்கத்தையும் கொண்டது. எந்த வினா கேட்கப்படும், எவருக்குப் பணம் வழங்கப்படும், எந்த விடை நடைமுறைக்கு வரும் என்பவற்றைச் சமூக உறவுகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. வித்தி காற்றில் மிதக்கின்றதா மண்ணில் உறங்குகின்றதா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கைவிடும் மார்க்சியம், எதிரியிடமிருந்து பறித்தெடுக்க வேண்டிய ஆயுதத்தைத் தானே எறிந்துவிடுகின்றது.

இரண்டாவது, குறுகிய வர்க்க நலனின் பொருட்டுச் செய்யப்பட்ட ஒன்று பிற்காலத்திலே பொதுநலனாக மாறுதலும் உண்டு. ஐயாயிரம் அடிக் கோடு அத்தகையது. அது தோட்டங்களின் நீரைக் காக்க எழுந்ததாயினும், அந்நீரே இன்று வயல்களுக்கும் நகரங்களுக்கும் மின்நிலையங்களுக்கும் பாய்கின்றது. தோற்றத்தைக் காட்டிப் பயனை மறுப்பது இயங்கியல் நோக்காகாது.

ஹூக்கரின் அறிவுரைக்கு மூன்றாண்டுகளின் பின், 1876இல், ஏங்கெல்ஸ் எழுதிய முற்றுப்பெறாத கட்டுரையொன்றிலே கியூபாவின் கோப்பித் தோட்டங்கள் பற்றிய குறிப்பு வருகின்றது. மலைச்சரிவின் காட்டை எரித்த ஸ்பானியத் தோட்டக்காரருக்கு ஒரு தலைமுறைக் கோப்பிக்குப் போதிய உரம் சாம்பலிற் கிடைத்தது. பின்னர் பெருமழை மண்ணை அடித்துச் சென்று பாறையை விட்டுவைத்ததைப் பற்றி அவர்களுக்குக் கவலையிருக்கவில்லை என்று அவர் சுட்டுகின்றார். உடனடி இலாபத்தை மட்டும் கணக்கிடும் உற்பத்தி முறை, தூரத்து விளைவைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் கருத்து. கியூபா என்ற இடத்திலே கண்டிச் சீமை என்று எழுதினும் அக்குறிப்பில் வேறொரு சொல்லையும் மாற்ற வேண்டியிராது.

7

பத்தொன்பதாம் நூற்றாண்டோடு இக்கதை முடிந்துவிடவில்லை. தேயிலைச் சரிவுகளிலிருந்து மேல்மண் அடித்துச் செல்லப்படுவதும், ஆறுகளும் வயல்களும் மண் நிறைந்து மேடாவதும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எவரும் மறுக்கவியலாத நிலையை அடைந்தன. மண்ணரிப்பை ஆராய நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 1951இல். இடைப்பட்ட இருபதாண்டுகளில் எத்தனை பருவமழை பெய்தது! தேயிலைக்கென ஆராய்ச்சி நிலையம் 1925இலேயே தாபிக்கப்பட்டுவிட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். பயிருக்கு ஆய்வு நிலையம் முந்தி வந்தது. பயிரைத் தாங்கும் மண்ணுக்குச் சட்டம் பிந்தி வந்தது. அம்மண்ணின் மீது நின்று உழைத்த மக்களின் குடியுரிமையோ, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே பறிக்கப்பட்டிருந்தது. மண்ணைக் காக்கும் சட்டமும் மனிதரை நாடற்றவராக்கிய சட்டமும் ஒரே சட்டமன்றக் காலத்தின் படைப்புக்கள்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடம் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலையில் அங்குள்ள மலைச்சரிவு இடிந்து, தோட்டத் தொழிலாளரின் லயன்களை மனிதரோடு புதைத்தது. அச்சரிவு ஆபத்தானது என்பது எவரும் அறியாத செய்தியன்று. 1984இல் தாபிக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அங்கிருந்து மக்களை வெளியேற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது எனலாம். ஆனால், வெளியேறுக என்று கூறப்பட்டவர்களுக்குச் செல்வதற்குச் சொந்தக் காணி ஒரு துண்டும் இருக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாகத் தோட்டத்தில் உழைத்தும், குடியிருந்த லயனின் கூரையும் அவர்களுடையதன்று. எச்சரிக்கையைக் கொள்கையாக மாற்றுவதற்குக் காணிச் சீர்திருத்தம் வேண்டியிருந்தது. அது மழைமானிக்கும் நிலப்படத்திற்கும் அப்பாற்பட்ட விடயம். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1990களில் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. லயன் லயனாகவே இருந்தது. 2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளியின்போது மலைநாடெங்கும் நிகழ்ந்த மண்சரிவுகள், மீரியபெத்த ஒரு தனி விபத்து அன்று என்பதை மீண்டும் நினைவூட்டின.

8

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நம்போன்ற பல்கலைக்கழகத்தவர் பெறத்தக்க முடிவு ஒன்று உண்டு. ஆய்வுக்கும் கொள்கைக்கும் இடையேயுள்ள இடைவெளியை 'தொடர்பாடற் குறைபாடு' என்று விளக்குவது இன்று பெருவழக்காயுள்ளது. விஞ்ஞானி எளிமையாக எழுதினால், அமைச்சர் வாசித்தால், இடைவெளி மறைந்துவிடும் என்பது அதன் உட்கிடை. வோர்ட்டின் அறிக்கையைத் தோட்டத்துரைமார் விளங்கிக்கொள்ளாமல் இல்லை. விளங்கிக்கொண்டமையாலேயே அதை ஒதுக்கினர். மீரியபெத்த எச்சரிக்கையும் விளங்காத மொழியில் எழுதப்பட்டதன்று.

ஆய்வு யாருடைய கையிற் சேர்கின்றது என்பதே முதன்மையான வினா. ஹூக்கரின் சொல்லுக்குப் பின்னால் நிற்பதற்கு நீர் வேண்டிய தோட்ட உடைமையாளர் இருந்தனர். சரிவின் கீழ் உறங்கும் தொழிலாளியின் பொருட்டுக் கூறப்படும் உண்மைக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் அத்தொழிலாளியும் அவரது அமைப்புக்களுமே. மண்சரிவு அபாயப் படங்கள் மாவட்டச் செயலகத்தின் சுவரில் தொங்குவதோடு அமையாமல், எந்த லயன் எந்த வலயத்தில் உள்ளது என்பது அந்த லயனில் உள்ளோருக்குத் தமிழிலே எழுத்தில் தரப்படுதல் வேண்டும். காணியுரிமைக் கோரிக்கையின் சான்றாக அவர்கள் அதனை நீட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். மலையகத்தின் நாட்டார் பாடல்களை ஆராய்வோரும் காணிச் சட்டத்தை ஆராய்வோரும் மண்ணை அளப்போரும் ஒரே மேசையில் அமராதவரை இது கைகூடாது. கோப்பிக் காலத்தின் ஆவணங்கள் பேராதனையிலும் கொழும்பிலும் கியூவிலும் உள்ளன. அக்காலத்தின் பாடல்கள் தோட்டங்களில் முதியோரின் நாவிலே இன்னும் சிறிது எஞ்சியுள்ளன. இரண்டையும் ஒருங்கு வைத்து வாசிக்கும் பணி இன்னும் தொடங்கப்படவேண்டியதாகவே இருக்கின்றது.